1 லட்சம் கையெழுத்து விதி நம்ம ஊருக்கு இல்லை
அண்ணாச்சி, நெல்லை வண்ணார்பேட்டை ரோட்டில் திரியும் மாடுகளுக்குக் கொட்டகை கேட்கும் மனுவைப் பகிர்ந்தது நல்ல காரியம். ஆனால் "ஆன்லைனில் 1 லட்சம் கையெழுத்து சேர்ந்தால் நாடாளுமன்றத்தில் விவாதித்தே ஆகணும்" என்று போட்டிருக்கீங்களே, அது தப்பு. அது பிரிட்டன் நடைமுறை. அதுவும் அவர்கள் நாடாளுமன்றத்தின் சொந்த மனுத் தளத்தில் சேரும் கையெழுத்துக்குத்தான்: 10,000 வந்தால் அரசு பதில் தரும், 1 லட்சம் வந்தால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். அங்கேயே கட்டாயம் கிடையாது!

நம்ம மக்களவைக்கு இத்தனை கையெழுத்து என்ற கணக்கே இல்லை. முறைப்படி வரும் மனுவைப் பார்க்க மனுக்கள் குழு ஒன்று உண்டு, தனியார் தளத்தில் ஏறும் எண்ணிக்கை அதைக் கட்டுப்படுத்தாது.

சரி, மாட்டுக் கொட்டகைக்கு டெல்லி எதுக்கு? அது மாநகராட்சி வேலை. அதே கையெழுத்துகளைத் தாளில் எடுத்து, திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்க. மனு எண் உள்ள ரசீதைக் கேட்டு வாங்காமல் நகராதீங்க. அப்புறம் பதிலே இல்லையென்றால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, அந்த எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கை என்னவென்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தரணும். பதிவில் அந்த ஒரு வரியை மட்டும் மாத்திடுங்க, மனு லிங்க் அப்படியே இருக்கட்டும்.