பதினைந்தரை மணி நேரமாம்!

அக்காவுக்கு ஜூனில் பிரசவம். அம்மா சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக வேண்டும். "எத்தனை மணி நேரம்டா ஆகும்?" என்று கேட்டார். விமானத் தொலைவு சொல்லும் தளம் ஒன்றில் இரண்டு ஊரையும் தட்டினேன். 13,900 கிலோமீட்டர், 15 மணி 27 நிமிடம் என்று வந்தது. அந்த 27 நிமிடம்தான் என்னைக் கவிழ்த்தது. நிமிடம் வரைக்கும் சொல்கிறவன் பொய்யா சொல்லப்போகிறான் என்று நம்பித் தொலைத்தேன்.

அம்மாவும் நம்பினார். கைப்பையில் காலை வேளைக்கு ஒரு பிரஷர் மாத்திரை, மிளகாய்ப்பொடி தடவிய ஆறு இட்லி. மற்ற மாத்திரையெல்லாம் பெரிய பெட்டியில்.

இப்போது உண்மைக் கணக்குக்கு வருவோம். அந்தத் தளம் செய்தது ஒரே ஒரு வகுத்தல். பூமி உருண்டையின் மேல் நேர்கோடு இழுத்து, அதை மணிக்கு 900 கிலோமீட்டரால் வகுத்துவிட்டது, அவ்வளவுதான். அந்தக் கோட்டில் நேரடி விமானமே கிடையாது ஐயா! அம்மா போனது துபாய் வழியாக. துபாய்க்கு 2,900, அங்கிருந்து 13,000. கோட்டைவிட 2,000 கிலோமீட்டர் அதிகம். நடுவே நான்கு மணி நேரம் நாற்காலியில் தவம். ஓடுபாதையில் ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க இடம் கிடைக்காமல் வட்டமடிப்பது எல்லாம் அந்த வகுத்தலுக்குத் தெரியுமா?

இதில் சித்தப்பா வேறு. டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "திங்கள் காலை 4 மணிக்கு ஏறி அன்றைக்கே மாலை 3.45க்கு இறங்குகிறாள், பன்னிரண்டு மணி நேரம்கூட இல்லையே" என்றார். அங்கே நம்மைவிட பன்னிரண்டரை மணி நேரம் பின்னால் என்று விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டது.

வீட்டுப் படியிறங்கியது ஞாயிறு இரவு 11.30. அக்கா வீட்டுக் கதவைத் தட்டும்போது 31 மணி நேரம் கடந்திருந்தது. இந்தக் கணக்கு எந்தத் தளத்திலும் இல்லை, அம்மாவின் வீங்கிய காலில் இருந்தது. நம் ஊர் நேரப்படி இரவு 9 மணி மாத்திரையைப் போட வேண்டிய நேரத்தில், மாத்திரை பெட்டியில், பெட்டி விமானத்தின் வயிற்றில், அம்மா வடதுருவத்துக்குப் பக்கத்தில். அந்த வழி அப்படித்தான் போகிறது. துபாய்க்கு உருண்டையின் அந்தப் பக்கம்தான் சான் பிரான்சிஸ்கோ.

"நேரடி விமானம் இல்லை, கிட்டத்தட்ட ஒரு நாள் ஆகும்" என்று ஒரு வரி எழுத அந்தத் தளத்துக்கு என்ன கேடு? விளம்பரத்துக்கு மட்டும் பக்கமெல்லாம் இடம் இருக்கிறது.

அம்மா அக்டோபரில் திரும்புகிறார். நேற்று சும்மா ஊர்களை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சென்னை: 15 மணி 27 நிமிடம். காற்றுகூட அடிக்காத வானம் போலிருக்கிறது அது.