கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றவரையும் கேளுங்கள்

நிமோனியா முற்றி, ரத்தத்தில் கிருமி பரவி, 17 நாட்கள் வென்டிலேட்டரில் இருந்த என் கணவர் பிழைத்து வந்தார். அவரைக் காப்பாற்றிய மருத்துவர்களையும் செவிலியர்களையும் நான் இன்றும் கைகூப்பித்தான் நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகியும், விளக்கை அணைத்துவிட்டு உறங்க அவர் சம்மதிக்கவில்லை. யாரோ தம்மைக் கட்டிப்போட்டு லாரியில் கடத்திச் சென்றதாகவே நம்பினார். மூச்சுக்குழாயைப் பிடுங்கிவிடக் கூடாதென்று அவர் கைகளைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். மயக்க மருந்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவே தத்தளித்த மூளை, அதைக் கடத்தலாகப் புரிந்துகொண்டது. டெலிரியம் எனப்படும் இந்த மனக்குழப்பம் தீவிர சிகிச்சைப் பிரிவில் மிகச் சாதாரணம் என்பதை, டிஸ்சார்ஜ் அன்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

எனக்கோ எல்லாமே நினைவிருக்கிறது. படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்ட சம்மதப் படிவங்கள், நாளுக்கு இருமுறை பத்து நிமிடப் பார்வை நேரம், நள்ளிரவில் அவர் பெயரைச் சொல்லி "அட்டெண்டர் வரவும்" என்று அழைத்த குரல். இப்போதும் இரவில் போன் அடித்தால் எடுப்பதற்குள் கை நடுங்கிவிடுகிறது. "அவரே தேறிவிட்டார், உனக்கென்னம்மா?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இதை எப்படி விளக்குவது?

பிரான்சில் 2005இல் வெளியான ஆய்வில், தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் குடும்பத்தினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இத்தகைய மனவடுவின் அறிகுறிகள் இருந்தன. ஸ்காண்டிநேவிய நாடுகளில் நோயாளி மயங்கிக் கிடக்கும் நாட்களைச் செவிலியரும் குடும்பத்தாரும் நாட்குறிப்பாக எழுதி, பின்னர் அவரிடமே கொடுக்கிறார்கள். ஆறு ஐரோப்பிய நாடுகளில் 352 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், நாட்குறிப்பை உடனே பெற்றவர்களிடையே புதிதாக மனவடு ஏற்பட்டோர் 5 சதவீதம், பெறாதவர்களிடையே 13 சதவீதம். 2019இல் வந்த பெரிய பிரெஞ்சு ஆய்வில் அந்தப் பலன் தெரியவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருந்தாலும் எங்களுக்கு அப்படியொரு குறிப்பேடு கிடைத்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்; கைகளைக் கட்டியதற்கான காரணத்தை நான் தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, அவர் அதை மூன்று முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மாடிப்படி ஏற மூச்சு வாங்குவதையும், வேலைக்குத் திரும்ப முடியாததையும் ரத்தப் பரிசோதனை அறிக்கை காட்டாது. என்னை வருத்தக் கூடாதென்று அவரும், அவரை வருத்தக் கூடாதென்று நானும் வாய்மூடிக் கிடந்த மாதங்களையும் காட்டாது. ஆகவே மருத்துவமனைகளிடம் கேட்கிறேன்: மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு இருவரையும் அழையுங்கள், ஆனால் தனித்தனியாகப் பேசுங்கள். சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால், "நன்றாக இருக்கிறோம்" என்றுதான் இருவருமே சொல்வோம்.