சுவரைப் படம் பிடித்த கார்

(வீட்டு வாசல். மெக்கானிக் குமார் காரின் உறையை உருவிப் போடுகிறார். சபாபதி அதை ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, நாலாக மடிக்கிறார்.)

குமார்: சொல்லுங்க சார், என்ன பிரச்சினை?

சபாபதி: ஒண்ணா ரெண்டா தம்பி? பேப்பர்ல எழுதியே வச்சிருக்கேன். ஏபிஎஸ் பிரேக் போச்சு, ஏர்பேக் போச்சு, ஸ்டீயரிங் போச்சு, பேட்டரி, ஆயில், எஞ்சின் எல்லாம் போச்சு. வண்டி ஓடினது மொத்தமே 6,000 கிலோமீட்டர். நின்ன இடத்துலயே எப்படிக் கெடும்?

குமார்: சாவியை ஆன் வரைக்கும் மட்டும் திருப்புங்க.

சபாபதி: பாருங்க, டேஷ்போர்டு பூரா விளக்கு, சீரியல் செட் போட்ட மாதிரி!

குமார்: இப்ப எரியத்தான் சார் வேணும். வாத்தியார் பேர் கூப்பிட்டதும் பசங்க கை தூக்குறாங்களே, அது மாதிரி. ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் சில செகண்ட்ல அணைஞ்சிடும். பாருங்க, அணைஞ்சிடுச்சு. பேட்டரியும் ஆயிலும் எஞ்சின் ஓடினாத்தான் அணையும்.

சபாபதி: ஆயில் விளக்கா? அதுக்கு நேத்தே வைத்தியம் பாத்துட்டேன். அரை லிட்டர் ஊத்திட்டேன்.

குமார்: ஐயோ! அளவுகோலை இழுத்துப் பாத்தீங்களா?

சபாபதி: எண்ணெய்க் கிண்டி படமே போட்டுக் காட்டுறான். அப்புறம் அளவு எதுக்கு?

குமார்: அது ஆயில் எவ்வளவு இருக்குன்னு சொல்ற விளக்கு இல்ல சார், பிரஷர் விளக்கு. எஞ்சின் சுத்தினாத்தான் பம்ப் சுத்தும், பம்ப் சுத்தினாத்தான் பிரஷர் வரும். நிக்கிற எஞ்சின்ல அது எரியலன்னாத்தான் கவலைப்படணும். ஓடும்போது எரிஞ்சா உடனே நிறுத்தணும், அது வேற கதை. (கோலை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுக்கிறார்.) மேல் கோட்டுக்கும் மேல ஒரு விரல் நிக்குது. எஞ்சினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டு அதை அடிச்சு நுரையாக்கிடும். நுரையைப் பம்ப் இழுத்தா பிரஷர் விழும். நீங்க பயந்த விளக்கு அப்புறம் நிஜமாவே எரியும்.

சபாபதி: நல்ல ஆயில்தான் தம்பி ஊத்தினேன்...

குமார்: பின்னாடி டியூப் விட்டு உறிஞ்சிடலாம். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.

(டிக்-டிக்-டிக்-டிக். எல்லா விளக்கும் மறுபடி எரிகின்றன.)

சபாபதி: கேட்டீங்களா? ஸ்டார்ட்டர் மோட்டாரும் காலி. பட்டியல்ல சேத்துக்கறேன்.

குமார்: பேனாவை மூடுங்க சார். வேகமா டிக்-டிக்னா பேட்டரி, இல்ல டெர்மினல் லூஸ். விளக்கு மங்காம ஒரே ஒரு 'டக்' கேட்டாத்தான் மோட்டார் மேல சந்தேகப்படணும். நல்லா சுத்தியும் பிடிக்கலன்னா பெட்ரோலையோ ஸ்பார்க்கையோ பாக்கணும். சாவிப் படம் சிமிட்டினா வண்டிக்கு உங்க சாவியை அடையாளம் தெரியலன்னு அர்த்தம். (மீட்டரை வைத்து) 11.7 வோல்ட். முழுசா சார்ஜ் ஆனா 12.6 இருக்கும். 12.2லயே பாதி போயிடும். இது தரையைத் தொட்டுடுச்சு.

சபாபதி: அப்ப ஏர்பேக், ஏபிஎஸ்?

குமார்: ஸ்டார்ட்டர் ஒருத்தனே நூறு ஆம்பியருக்கு மேல கேப்பான். பேட்டரியால முடியல, வோல்டேஜ் சரிஞ்சு 9க்குக் கீழ போகுது. மத்த கம்ப்யூட்டர்லாம் கரண்ட் பத்தாம மயங்கி விழுந்து எழுந்திரிக்குது. எழுந்ததும் ஆளுக்கு ஒரு புகார் எழுதி வைக்குது. அதைத்தான் நீங்க பேப்பர்ல காப்பி எடுத்திருக்கீங்க.

சபாபதி: பேட்டரி எப்படித் தம்பி தீரும்? வாராவாரம் தவறாம அஞ்சு நிமிஷம் எஞ்சினை ஓட விடறேனே! ஏசி போட்டு, பாட்டு போட்டு.

குமார்: அந்த அஞ்சு நிமிஷம், ஸ்டார்ட்டுக்கு எடுத்த கடனை அடைக்கத்தான் சரியா இருக்கும். மிச்சத்தை ஏசி தின்னுடும். லாக் பண்ணின வண்டியும் கடிகாரம், அலாரம்னு 0.03 ஆம்பியர் மாதிரி குடிச்சிட்டே இருக்கும். வாரத்துக்கு 5 ஆம்பியர்-ஹவர் போச்சு, அதான் பேட்டரியோட கொள்ளளவுக் கணக்கு. உங்க பேட்டரியே 35தான். போதாததுக்கு, சூடேறாம அணைச்சா சைலன்சர்ல, ஆயில்ல தண்ணி கோத்துக்கும். ஆனாலும் ஒரே வாரத்துல இவ்வளவு இறங்காதே. புதுசா ஏதாவது மாட்டினீங்களா?

சபாபதி: ஒண்ணுமில்லையே. ஆறு நாள் முன்னாடி ஒரு கேமரா. அதுவும் பாதுகாப்புக்கு.

(குமார் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, பேட்டரிக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் துளையில் கோக்கிறார்.)

குமார்: கதவைச் சாத்துங்க, சாவியைத் தூரமா வச்சிடுங்க. அரை மணி நேரம் தொடக்கூடாது. கம்ப்யூட்டர்லாம் தூங்கினாத்தான் சரியான கணக்கு வரும். யாரும் சாவியை மட்டும் திருப்பிடாதீங்க, மீட்டர் பொசுங்கிடும்.

சபாபதி: (கிசுகிசுப்பாக) பேசலாமா?

குமார்: அது குழந்தை இல்ல சார், தாராளமா பேசுங்க.

(ஆயிலை உறிஞ்சி எடுக்கிறார். டெர்மினலில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீரும் சமையல் சோடாவும் விட்டுத் தேய்க்கிறார். அரை மணி நேரம் ஓடுகிறது.)

குமார்: 0.24 ஆம்பியர். கேமரா பியூஸை உருவறேன்... 0.03. திருடன் சிக்கிட்டான். சாவி அணைஞ்சாலும் கரண்ட் போற இடத்துல கோத்திருக்காங்க. ஒரு நாளைக்கு 5 ஆம்பியர்-ஹவர், ஆறு நாளைக்கு 30.

சபாபதி: ஆறு நாளா என்ன படம் பிடிச்சுது?

குமார்: எதிர்ல இருக்கற உங்க வீட்டுச் சுவரை.

சபாபதி: சுவருக்கு ஒண்ணும் ஆகலையே?

குமார்: நல்லா இருக்கு சார். என் வேனைக் கிட்ட எடுத்துட்டு வரேன்.

(நெகட்டிவ் கேபிளை மறுபடி மாட்டிவிட்டு, ஜம்ப்பர் கேபிளோடு வருகிறார்.)

குமார்: சிவப்பு முதல்ல உங்க பிளஸ்ல, அடுத்த முனை என் பிளஸ்ல. கருப்பு என் மைனஸ்ல. கடைசி முனை உங்க பேட்டரிக்கு வேணாம், தள்ளி எஞ்சின் இரும்புல.

சபாபதி: ஏன், மைனஸ் கோவிச்சுக்குமா?

குமார்: கடைசியா மாட்டும்போது பொறி பறக்கும். பேட்டரி மேல ஹைட்ரஜன் இருக்கலாம். வெடிச்சா உங்க பட்டியல்ல என் பேரும் வரும். என் வேன் அஞ்சு நிமிஷம் ஓடட்டும்... இப்ப அடிங்க.

(எஞ்சின் பிடிக்கிறது. ஒன்றைத் தவிர எல்லா விளக்கும் அணைகின்றன.)

சபாபதி: ஸ்டீயரிங் விளக்கு போகலையே! நான்தான் எழுதி வச்சேனே!

குமார்: கேபிளைக் கழட்டினதுல நடு எதுன்னு மறந்துடுச்சு. இடது கடைசி வரைக்கும் ஒடிங்க, வலது கடைசி வரைக்கும் ஒடிங்க. கொஞ்ச தூரம் நேரா ஓடினதும் போயிடும். எஞ்சின் ஓடறப்ப பேட்டரியை சார்ஜ் பண்ற அல்டர்னேட்டர் 14.2 வோல்ட் தருது, அது பிழைச்சுது. ஆனா இவ்வளவு காலியான பேட்டரியை ஓட்டியே நிரப்பக் கூடாது, அல்டர்னேட்டர் நொந்துடும். என் ஷெட்டுக்குக் கொண்டு வாங்க. 3.5 ஆம்பியர் சார்ஜர்ல ராத்திரி முழுக்கப் போடறேன். அப்புறம் வாரத்துக்கு ஒருநாள் ரோட்டுல அரை மணி நேரம் ஓட்டுங்க. ரொம்ப நாள் நிறுத்தினா ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைக்காதீங்க, டிரம்ல ஷூ ஒட்டிக்கும். கியர்ல போட்டு, சக்கரத்துக்கு அண்டை கொடுங்க.

சபாபதி: ஆகட்டும் தம்பி. நீங்க முன்னாடி போங்க, நான் பின்னாடியே ஸ்கூட்டர்ல வந்துடறேன்.

குமார்: ஸ்கூட்டர்லயா? அப்ப காரை யார் சார் கொண்டு வர்றது?

சபாபதி: நீங்கதான். பழக்கம் இல்லாத ரோட்டுல எனக்குக் கை நடுங்கும். உங்க வேன் இங்கேயே நிக்கட்டும், இருங்க... (மடித்த உறையை உதறுகிறார்) வெயில்ல காயாம போர்த்தி விடறேன்.