“நாளைக்கும் இருப்பீங்கள்தானே?”

பென்சன் எடுத்த பிறகு என்ன செய்கிறீர்கள் என்று கேட்பவர்களுக்கு இதுவரை சிரித்துச் சமாளித்துவிட்டேன். போன கிழமை கூடப் படித்த ஒருவர் கனடாவிலிருந்து அதே கேள்வியைக் கேட்டார். அவருக்கு உட்பெட்டியில் எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால் இங்கேயே போடுகிறேன்.

நான் 1986இல் அரச கந்தோரில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவன். பதவியின் பெயர் பிறகு முகாமைத்துவ உதவியாளர் என்று மாறியது, கதிரை மாறவில்லை. 2022 தொடக்கத்தில் ஓய்வு வயது 65 என்றார்கள். அப்போ 2025 வரை இருக்கிறது என்று கணக்குப் போட்டு, குளியலறைக்கு ஓடு பதிக்கும் வேலையைக்கூட பிறகு பார்ப்போம் என்று தள்ளி வைத்தேன். செப்டெம்பரில் சுற்றுநிருபம் வந்தது. 60 தாண்டியவர்கள் எல்லோரும் டிசெம்பர் 31உடன் வீட்டுக்கு. அந்த 31 ஒரு சனிக்கிழமை, ஆகவே நான் கந்தோரில் கடைசியாகக் கையெழுத்து வைத்தது வெள்ளிக்கிழமை. பொன்னாடை இரண்டு, குத்துவிளக்கு ஒன்று, “இனி நல்லா ஓய்வெடுங்கோ ஐயா” என்று ஏழெட்டுப் பேர். பணிக்கொடை வரப் பல மாதம் ஆனது. அந்தக் கதை இப்போது வேண்டாம்.

முதல் ஆறு மாதம் நான் வீட்டில் செய்த அட்டகாசத்தை மனைவி இன்றும் சொந்தக்காரருக்குச் சொல்லிச் சிரிப்பார். காலை ஐந்து மணிக்கு விழிப்பு. ஏழு மணிக்கு சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு விறாந்தையில் இருப்பேன். போக இடமில்லை. ஒருநாள் குசினிக்குள் போய் மிளகாய்த்தூள், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம் எல்லா டின்னுக்கும் கோவை இலக்கம் போல 1/1, 1/2 என்று எண் எழுதி ஒட்டி, அட்டவணை ஒன்றையும் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். இரண்டு நாள் பேசாமல் இருந்த மனைவி மூன்றாம் நாள் லேபல்களை வெந்நீரில் ஊறவைத்து உரித்தார். “கந்தோர் உங்களை விட்டுட்டுது. என்ர குசினி என்ன பாவம் செய்தது?” என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பிறகு எங்கள் திருகோணமலை டச் பே கடற்கரையில் காலை நடை. அங்கே எங்களைப் போல ஒரு கூட்டமே இருக்கிறது. முன்னாள் அதிபர், துறைமுகத்தில் இருந்தவர், ரெயில்வேக்காரர். நல்ல மனுசர்கள். ஆனால் கதை எப்போதும் மூன்றுதான்: யாருக்குச் சீனி எவ்வளவு, யார் போன கிழமை செத்தது, யாருடைய பிள்ளைக்கு விசா கிடைத்தது. சாப்பிடாமல் பார்த்தது 140 என்று ஒருவர் சொன்னால் மற்றவர் 180 என்று வெல்லப் பார்ப்பார். கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு மூன்று எங்களைக் கடந்து குப்பைத்தொட்டியைத் தேடிப் போகும். (மான்கள் பொலித்தீன் தின்பதை நகரத்தில் யாரும் ஒரு பிரச்சினையாகவே எடுப்பதில்லை. அதற்கு ஒருநாள் தனிப் பதிவு போட வேண்டும்.) அந்த மான்களைப் பார்க்கும்போது எனக்கு எங்களைப் பார்ப்பது போலவே இருக்கும். வேலி இல்லை, விரட்டுவார் இல்லை, மேயத்தான் ஒன்றுமில்லை.

வட்ஸ்அப்பில் புத்திமதிக்கும் குறைவில்லை. யோகா செய், மரம் நடு, புதுமொழி படி, சுற்றுலா போ, ஆண்டவனை நினை. எதையும் நான் பிழை என்று சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிறேன். மேலே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றால் மனம் ஆறுகிறது, உண்மைதான். ஆனால் நான் போகாவிட்டாலும் ஐயர் மணி அடிப்பார், பூசை நடக்கும். நான் நட்ட முருங்கையும் என்னைக் கேட்டு வளரவில்லை. எனக்குக் குறையாக இருந்தது வேலையோ, மரியாதையோ, பொழுதுபோக்கோ இல்லை. ஏழேமுக்காலுக்கு நான் வந்துவிட்டேனா என்று பார்க்க முன்பு யாராவது இருந்தார்கள், இப்போது ஒருவரும் இல்லை. அவ்வளவுதான் விசயம். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் போனது.

கண்டுபிடித்ததும் நானாக இல்லை. சம்பூரைச் சேர்ந்த ஒரு அம்மா. 2006இல் சண்டையால் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்து, பிறகு திரும்பிப் போனவர். எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் மகள் வாடகைக்கு இருக்கிறாள். ஒரு பின்னேரம் படலையில் நின்று, “கந்தோர் ஐயா வீடு இதுதானே?” என்றார். கையில் ஒரு துணிக்கடைப் பை. அதற்குள் இன்னொரு பை, அதற்குள் பழைய கலண்டர் தாள், அதற்குள் ஒரு கடிதம். முழுக்கச் சிங்களம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தில் எழுதி வைத்தாயிற்று. கடிதம் அனுப்பியது எந்தத் திணைக்களம் என்று நான் சொல்லவில்லை, ஒன்று மட்டும்தான் அப்படி என்றும் சொல்லமாட்டேன். அந்தக் கடிதத்தோடு அவர் நாலு இடம் போயிருக்கிறார். ஒருவர் “இது காசு வரும் கடிதம்” என்றாராம், இன்னொருவர் “வழக்கு” என்றாராம்.

வழக்கும் இல்லை, காசும் இல்லை. அரச வேலையில் கூலியாளாக இருந்து இறந்த கணவரின் விதவைகள் ஓய்வூதியம் பற்றியது. மரணச் சான்றிதழில் ‘தங்கராசா’, அடையாள அட்டையில் ‘தங்கராஜா’, விவாகப் பதிவில் தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து வேறு ஒழுங்கு. மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து 14 நாளுக்குள் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். நான் வாசிக்கும்போது 18ஆம் நாள்.

என்னுடைய பழைய மூளை சட்டென்று எழும்பியது. தாமதத்துக்கு விளக்கக் கடிதம் சிங்களத்தில் ஒன்று, சத்தியக்கடதாசி வரைவு ஒன்று, இணைக்க வேண்டிய பிரதிகளின் பட்டியல் ஒன்று. பேனையை எடுத்தபோது விரல் நடுங்கியது. வயதால் இல்லை. எழுதி முடிய இருட்டிவிட்டது. சத்தியக்கடதாசியில் கையெழுத்து வாங்கச் சமாதான நீதவானிடம் அடுத்த நாள் போகலாம் என்றேன். எழும்பிப் படலை வரை போன அம்மா திரும்பிப் பார்த்து, “அப்ப ஐயா, நாளைக்கும் இருப்பீங்கள்தானே?” என்று கேட்டார்.

அந்த இரவு நான் நல்லாய் நித்திரை கொண்டேன். அடுத்த நாள் அயர்ன் பண்ணிய சேட்டுக்கு ஒரு காரணம் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருவர் சொல்லி ஒருவராக வரத் தொடங்கினார்கள். இந்த மாவட்டத்தில் சண்டையில் ஓடியபோது ஒரு தொகுதி பத்திரம் போனது, 2004இல் கடல் வந்தபோது இன்னொரு தொகுதி. பிறப்புப் பதிவைத் தேடியும் கிடைக்காதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. கந்தோருக்குள் இருப்பவர்களுக்கு அது அன்றாட வேலை. வெளியில் நிற்பவருக்கு மலை. 36 வருடம் உள்ளே இருந்தபோது எனக்கு அது உறைக்கவேயில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். “இந்த யன்னல் இல்லை, அடுத்த யன்னல்” என்று நானும் எத்தனை பேரை அனுப்பியிருப்பேன்.

எல்லாம் சரியாகவும் நடக்கவில்லை. குச்சவெளியிலிருந்து வந்த ஒரு தம்பியின் விண்ணப்பத்தைப் பழைய நடைமுறைப்படி எழுதிக் கொடுத்தேன். படிவம் மாறியிருந்தது. ஒருநாள் கூலியும் பஸ் காசும் அவனுக்கு நட்டம். அவன் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. இப்போது யார் வந்தாலும் முதலில் பழைய கந்தோர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் பேனையைத் தொடுவேன்.

எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. எங்கள் ரெயில்வேக்காரர் பகல் ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழும்புவார், இரவு ரெயிலை எழும்பி எழும்பி ஓட்டிய மனுசன். அவருக்கு அந்தத் தூக்கமே சுகம். அவரைப் போய்ச் சமூக சேவைக்கு இழுப்பது பாவம். இன்னொன்று, இந்த ‘ஓய்வு’ என்ற தலையிடியே எங்களைப் போன்ற சிலருக்குத்தான். கரைவலை இழுப்பவருக்கு 60இல் யார் பிரியாவிடை வைத்தது? விவசாயிகளுக்கு 1987இலும் மீனவர்களுக்கு 1990இலும் ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தார்கள், ஆனால் அதில் வருகிற காசைப் பார்த்து வலையை இறக்கி வைக்க யாரால் முடியும்? மனைவியும் ஒருநாள் இடியப்பம் பிழிந்துகொண்டே “எனக்கு எப்ப சுற்றுநிருபம் வரும்?” என்றார். இப்போது இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. பெரும்பாலும் பாணும் பருப்பும்தான்.

2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். இன்று இன்னும் கூட. கிராம சேவகர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கங்கள் இருக்கின்றன. நான் போன கூட்டங்களில் பேச்சு, சுற்றுலா எங்கே, உலர் உணவுப் பொதி எப்போ என்பதோடு முடிந்தது. அந்த மண்டபத்தில் மட்டும் கணக்காளர் இரண்டு பேர், தாதி ஒருவர், மின்சார வேலை தெரிந்தவர் ஒருவர் இருந்தார்கள். அவர்களுக்குப் பொதி கொடுக்கத் தெரிந்த எங்களுக்கு ஒரு வேலை கேட்கத் தெரியவில்லை.

சரி, விசயத்துக்கு வருகிறேன். இப்போது காணி அலுவல்தான் அதிகம் வருகிறது. பெர்மிட், உறுதி, எல்லைச் சண்டை. அளவைப் படத்தைப் பார்த்தால் எனக்குக் கோடு தெரிகிறது, காணி தெரியவில்லை. ரூட், பேர்ச் கணக்கிலும் நான் மட்டம். நில அளவையில் இருந்து பென்சன் எடுத்த யாராவது டவுனிலோ உப்புவெளிப் பக்கமோ இருந்தால் தயவுசெய்து உட்பெட்டிக்கு வாருங்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எங்கள் விறாந்தையில். தேத்தண்ணீர் தருவேன். சீனி மட்டும் கேட்காதீர்கள், வருகிற ஆட்களைப் பார்த்து மனைவி அதை வாங்குவதையே நிறுத்திவிட்டார்.