ஊசி யார் கையில் இருக்கிறது என்பதுதான் விஷயம்

கருத்தடை ஊசியை வீட்டிலேயே தாங்களே போட்டுக்கொள்ளலாம் என்றால் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் சிலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். முகத்தைத் திருப்புகிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "விழிப்புணர்வு போதவில்லை" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். இந்த மருந்தின் கதை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

டெப்போ என்று அழைக்கப்படும் இந்த ஊசிக்கு அமெரிக்க அரசு கருத்தடைக்கான அனுமதி தந்தது 1992-இல். ஆனால் 1967 முதல் 1978 வரையிலேயே அட்லாண்டாவின் கிரேடி மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இதைப் போட்டு ஆய்வு நடந்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஏழைக் கறுப்பினப் பெண்கள். 1973-இல் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ரெல்ஃப் சகோதரிகளுக்கு நடந்தது இன்னும் கொடுமை. ஒருத்திக்கு 14 வயது, இன்னொருத்திக்கு 12. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா, வழக்கமாகப் போடும் ஊசிக்குத்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று நினைத்துக் காகிதத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிள்ளைகளுக்கு நிரந்தரக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அந்த "வழக்கமான ஊசி" எது தெரியுமா? இதே டெப்போதான். அந்தப் பக்கம் ஆப்பிரிக்காவில், வெள்ளையர் ஆட்சியில் கறுப்பினப் பெண்கள்மீது இது தாராளமாகப் பயன்படுத்தப்பட்டது என்பதால் ஜிம்பாப்வே விடுதலையான மறு வருடமே, 1981-இல், இதற்குத் தடை போட்டது.

இதையெல்லாம் பாட்டியும் அத்தையும் சொல்லக் கேட்டு வளர்ந்தவளிடம் போய் "பயப்படாதே, சின்ன ஊசிதான்" என்றால் அவள் சிரிக்கத்தான் செய்வாள்.

சரி, அப்படியானால் இந்தப் புது முறை வேண்டாமா? வேண்டும் என்பதுதான் என் கட்சி. பழைய டெப்போவில் 150 மில்லிகிராம் மருந்தைத் தசைக்குள் ஆழமாகப் போட வேண்டும், அதற்கு நர்ஸ் தேவை. 2004-இல் வந்த புது வடிவத்தில் 104 மில்லிகிராம்தான், தோலுக்கு அடியில் போட்டால் போதும். மருந்து நிரப்பிய சிரிஞ்சை ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, தொடையிலோ வயிற்றிலோ சதையைக் கிள்ளிப் பிடித்து, குட்டை ஊசியைச் சாய்வாக ஏற்றி, ஐந்தாறு விநாடி மெதுவாக அழுத்த வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்கிறவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை. மூன்று மாதத்துக்குக் கவலையில்லை.

மலாவியில் கிராமப்புறப் பெண்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், தாங்களே போட்டுக்கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் தொடர்ந்திருந்தார்கள். மருத்துவப் பணியாளரிடம் போய்ப் போட்டவர்களில் 45 சதவீதம்தான். ஆனால் அமெரிக்காவில் அந்த 2004-ஆம் வருடத்து அனுமதியே "மருத்துவப் பணியாளர்தான் போட வேண்டும்" என்ற நிபந்தனையோடுதான் வந்தது. 2021-இல் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமே வீட்டில் போட்டுக்கொள்ள வழி செய்யுங்கள் என்று பரிந்துரைத்தது. அதன் பிறகும், இப்படி ஒன்று இருக்கிறது என்று டாக்டர் வாயைத் திறந்து சொன்னால்தான் பல பேருக்குத் தெரிகிறது. எந்த டாக்டர்மீது நம்பிக்கை இல்லையோ, அதே டாக்டர்!

அப்புறம், குறைகளை மூடி மறைத்து விற்கக் கூடாது. மாதவிடாய் தாறுமாறாகும். வருடக்கணக்கில் போட்டால் எலும்பு அடர்த்தி குறையலாம் என்று மருந்தின் பெட்டியிலேயே கடுமையான எச்சரிக்கை உண்டு. நிறுத்திய பிறகு கரு தங்கப் பல மாதம் ஆகலாம். ஒருமுறை உள்ளே போன மருந்தை அடுத்த நாள் வெளியே எடுக்கவும் முடியாது. இதையெல்லாம் ஊசி பழக்கும் முன்பே உட்கார வைத்துச் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் எனக்கு இது பிடித்திருப்பதற்கு ஒரே காரணம், நிறுத்துவது எளிது. 1990-இல் நார்பிளாண்ட் என்று கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சிகள் வந்தன. வந்த சூட்டோடு, ஏழைக் கறுப்பினப் பெண்களிடையே இதை ஊக்குவித்தால் வறுமை குறையும் என்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்று தலையங்கமே எழுதி, பிறகு மன்னிப்புக் கேட்டது. அதை எடுக்க டாக்டர் கத்தியைப் பிடிக்க வேண்டும். எடுத்துவிடுங்கள் என்று கேட்டு அலைந்த ஏழைப் பெண்கள் பலர். வீட்டில் போடும் ஊசியில் அந்தக் கெஞ்சல் கிடையாது. பிடிக்கவில்லையா, அடுத்த சிரிஞ்சைப் பிரிக்காமல் விட்டுவிடலாம். ஏன் நிறுத்தினாய் என்று கேட்க எதிரே வெள்ளைக் கோட்டு யாரும் இருக்கப்போவதில்லை.