மாமியார் வீட்டு சோபாவும் என் இங்கிலீஷும்

போன மாதம் ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். ராத்திரி முழுக்க நின்ற கால். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவேன், என் ஸ்டாப்புக்கு முந்தின வளைவில் உடம்பே எழுப்பிவிடும். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. பின்சீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவனுடைய அம்மா தன் பழைய சோபாவைத் தருகிறேன் என்று சொல்ல, இவன் வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். அவள் சத்தமே போடவில்லை. "நல்ல சோபாதான், நான் ஒண்ணும் சொல்லலியே" என்று நம் வீடுகளில் ஒரு தொனி உண்டே, அச்சு அசல் அதே தொனி. அவனுக்கு அது புரியவில்லை, "அப்ப எடுத்துக்கலாம்ல?" என்கிறான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

திரும்பி நடந்து வரும்போதுதான் உறைத்தது. அவர்கள் பேசியது இங்கிலீஷ்.

சிரிக்காதீர்கள். இங்கிலாந்தில், லீட்ஸ் பஸ்ஸில் தமிழிலா சண்டை போடுவார்கள் என்று எனக்கும் தெரியும். விஷயம் என்னவென்றால், நான் கவனித்துக் கேட்கவில்லை. தூங்கத்தான் பார்த்தேன், காது விடவில்லை. 2021இல் இங்கே வந்த புதிதில் கவனித்தால்தான் இங்கிலீஷ் எனக்குக் காதில் ஏறும். கொஞ்சம் அசந்தால் வெறும் மழைச் சத்தம். அந்த மழைச் சத்தத்தில் சுகமாகத் தூங்கிக்கொண்டு போவேன். அது எப்போது நின்றது என்றே தெரியவில்லை.

நம் ஊரில் இங்கிலீஷ் என்றாலே வாய்தான். "பிள்ளை வெளுத்து வாங்குறா", "தஸ்ஸு புஸ்ஸுனு பேசுறான்" என்போம். முப்பது நாளில் பேசலாம் என்று சுவரெல்லாம் போஸ்டர். முப்பது நாளில் காதில் ஏறவைக்கிறோம் என்று ஒரு போஸ்டராவது பார்த்ததுண்டா? மொழி முதலில் காதில்தான் வரும், வாய்க்கு அப்புறம்தான் என்பதைக் கைக்குழந்தை வைத்திருக்கும் எந்த அம்மாவைக் கேட்டாலும் சொல்வார்.

நான் சங்கரன்கோவில் பக்கம். பிளஸ் டூ வரை தமிழ் வழி. அப்போது இங்கிலீஷுக்கு இரண்டு தாள், மொத்தம் 200 மார்க். நான் 171 வாங்கினேன், தெருவே பாராட்டியது. மனப்பாடப் பாட்டைக் கமா பிசகாமல் எழுதுவேன். செய்வினை, செயப்பாட்டுவினை மாற்றுவதில் புலி. ஆனால் அந்த வகுப்பில் இங்கிலீஷ் கேட்டது எவ்வளவு என்று யோசித்தால், டீச்சர் ஒரு வரி வாசிப்பார், உடனே தமிழில் அர்த்தம் சொல்வார், அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லமாட்டேன். அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு பரீட்சைக்குத் தேவையானதைச் செய்தார். பன்னிரண்டு வருடத்தில் ஒருவர் இன்னொருவரிடம் இங்கிலீஷில் பேச, அதை நான் கேட்டதே கிடையாது. அப்புறம் மதுரையில் நர்சிங். புத்தகம் இங்கிலீஷ், நோயாளிகள் தமிழ், ஆகவே பிரச்சினை எழவில்லை.

இங்கே வர ஓஇடி எழுதினேன். மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு. பேச்சுப் பகுதியில் நோயாளியிடம் பேசுவதுபோல் இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் சுமார் ஐந்து நிமிடம். கேட்கும் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். இங்குள்ள நர்சிங் கவுன்சில் பேசுவது, கேட்பது, படிப்பது மூன்றிலும் 'பி' கிரேடு கேட்கும், எழுதுவதில் மட்டும் 'சி பிளஸ்' போதும். வாங்கினேன். ஃபிளைட்டில் ஏறும்போது இங்கிலீஷ் வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

முதல் வாரம். சாயங்காலம் ஐந்தரை இருக்கும். ஒரு தாத்தா, "எனக்கு இன்னும் டீ வரலை" என்கிறார். ஓடிப்போய்ப் பால், சர்க்கரை எல்லாம் விசாரித்து, சூடாக ஒரு கப் போட்டு வந்து வைத்தேன். குடித்தார். பத்து நிமிடம் கழித்து மறுபடி, "எனக்கு டீ எங்கே?" மறதி நோய் போல என்று நினைத்து, அன்பாக, "இப்பத்தானே குடிச்சீங்க" என்றேன். மனிதர் முகம் சிவந்துவிட்டது. பக்கத்து பெட்காரர்தான் விளக்கினார்: லீட்ஸ் இருக்கிற இந்த யார்க்‌ஷயரில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. பசியோடு இருந்தவருக்கு நான் டிமென்ஷியா பட்டம் கட்டப் பார்த்திருக்கிறேன். குடிக்கிற டீக்கு இங்கே 'புரூ' என்பார்கள். மத்தியானச் சாப்பாடுதான் 'டின்னர்'. 'நவுட்' என்றால் ஒன்றுமில்லை, 'அவுட்' என்றால் ஏதாவது. "வலிக்கு அவுட் இருக்கா?" என்று ஒரு பாட்டி கேட்டபோது நான் கதவைப் பார்த்தேன்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. "நாளைக்கு வெள்ளனே வந்திரு" என்று நான் சொன்னால் என் சென்னைத் தோழியும்தான் முழிப்பாள்.

காதைவிட என்னைப் படுத்தியது வேறொன்று. வந்த மூன்றாம் மாதம் வார்டு சிஸ்டர் தனியாகக் கூப்பிட்டு, "யார் மேலயாவது கோபமா இருக்கியா?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் "கிவ் மீ தட் சார்ட்" என்று கேட்கிறேனாம். தமிழில் "அந்தச் சார்ட்டைத் தாங்க" என்போம். மரியாதை முழுக்க அந்த 'ங்க'வில் இருக்கிறது. தயவுசெய்து என்று வீட்டில் யார் சொல்கிறோம்? பஸ் ஸ்டாண்டு மைக்கில்தான் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். இங்கிலீஷுக்குப் பெயர்க்கும்போது 'ங்க' கழன்று விழுந்து, வெறும் 'தா' மட்டும் போய்ச் சேருகிறது. இந்த மொழியில் நீ, நீங்கள் இரண்டுக்கும் 'யூ' ஒன்றுதான், மரியாதையைச் சுற்றி வளைத்துக் கேட்பதில்தான் காட்ட வேண்டும். எண்பத்தைந்து வயதுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், ஆனால் ஒரு பேனாவை வாங்க "உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால்" என்று தொடங்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்றைக்கும் மனசுக்குள் தாத்தா என்று ஒரு முறை சொல்லிவிட்டுத்தான் வாய் திறக்கிறேன்.

என் உச்சரிப்பு மாறவில்லை. 'எக்ஸாம்' இன்னமும் 'யெக்ஸாம்'தான். ஊருக்குப் போனபோது ஒரு சொந்தக்காரர், "நாலு வருஷமா அங்க இருக்க, இன்னும் அந்த ஸ்லாங் வரலியே?" என்று வருத்தப்பட்டார். இரண்டு வருடம் முன்னால் என்றால் சுருங்கிப் போயிருப்பேன். ராத்திரி மூன்று மணிக்கு, "நான் ஆல்ரைட்டாத்தான் இருக்கேன், லவ்" என்று ஒரு பாட்டி சொல்லும்போது, அது நன்றாக இருக்கிறேன் என்பதா, பயமாக இருக்கிறது பக்கத்தில் உட்காரு என்பதா என்று எனக்கு இப்போது பிரித்துக் கேட்கத் தெரியும். ஸ்லாங் வந்தவர்கள் எல்லோருக்கும் இது கேட்குமா என்று அவரிடம் கேட்கவில்லை. பெரியவர், போகட்டும்.

ஒரே நஷ்டம், பஸ் தூக்கம் போய்விட்டது. எவளோ வேலையை விடப்போகிறாள், எவனுக்கோ பல்வலி, எல்லாம் என் காதில்தான் வந்து விழுகிறது. ஹெட்போன் வாங்கி இளையராஜாவைப் போட்டுக்கொண்டு வருகிறேன். ஆனாலும் அந்த இரண்டு பேர் ஏறும் ஸ்டாப் வந்தால் ஒரு காதை மட்டும் கழற்றி வைத்துக்கொள்வேன். மூன்று வாரமாக ஆளைக் காணோம். அந்த சோபா வீட்டுக்குள் வந்ததா இல்லையா என்று தெரியவில்லை.