கூட்டம் வருகிறது, வாங்கத்தான் ஆளில்லை

(ஒரு புறநகர் மால், மதிய நேரம். செல்வம் போன் கவர் விற்கிற சின்னக் கடை வைத்திருக்கிறார். பாபு அங்கே செக்யூரிட்டி.)

செல்வம்: மால் படுத்துவிட்டது என்று எவன் சொன்னது பாபு? காலையிலிருந்து நாற்பது பேர் என் கடையைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

பாபு: நாலு பேர் அண்ணே. பத்து சுற்று. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார், இங்கே ஓசியில் ஏசி.

செல்வம்: நடக்கிறவருக்கும் போன் இருக்குமே! ஒருத்தர் நின்று பார்த்தார் தெரியுமா?

பாபு: ஷூ லேஸ் கட்டினார்.

செல்வம்: இந்த மால் என்கிற சங்கதியைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்...

பாபு: அவரே நொந்து போய்த்தான் செத்தார். விக்டர் குரூயன் என்று வியன்னாக்காரர், 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போனவர். 1956-இல் மினியாபொலிஸ் பக்கத்தில் ஈடைனாவில் சவுத்டேல் என்று ஒன்று கட்டினார், முழுக்கக் கூரை போட்டு, வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வசந்த காலம் மாதிரி. எந்நேரமும் காருக்குள்ளேயே கிடக்கிற புறநகர் ஜனங்கள் இறங்கி நடந்து, காபி குடித்து, நாலு பேரிடம் பேச வேண்டும் என்பது அவர் ஆசை. சுற்றிலும் வீடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஏரி வரைக்கும் வரைந்து கொடுத்தார்.

செல்வம்: ஏரி வந்ததா?

பாபு: பார்க்கிங் வந்தது. கடைசியில் 1978-இல் மனுஷன், இந்தத் தறுதலைகளுக்கு நான் ஜீவனாம்சம் தர முடியாது என்கிற மாதிரி பேசிக் கை கழுவிவிட்டார்.

செல்வம்: அப்பனே கைவிட்ட பிள்ளையை வைத்துக்கொண்டு எதற்கு ஊரெல்லாம் கட்டினார்கள்?

பாபு: வரி அண்ணே. அமெரிக்காவில் 1954-இல் ஒரு சட்டம், கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே அதிகமாகக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம் என்று. மால் நன்றாக ஓடினாலும் புத்தகத்தில் நஷ்டம் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளலாம். அப்புறம் என்ன, ஜனம் இருக்கிறதோ இல்லையோ, மால் இருந்தது.

செல்வம்: நானும்தான் வருடா வருடம் நஷ்டம் காட்டுகிறேன், எனக்கு ஒருத்தரும் சலுகை தரவில்லையே?

பாபு: உங்களுடையது நிஜமான நஷ்டம்.

செல்வம்: எல்லாம் அந்த மூலையில் இருந்த பெரிய துணிக்கடை போனதிலிருந்துதான். அதற்கு வாடகை கொஞ்சம், எனக்குச் சதுர அடிக்கு அதைவிடப் பல மடங்கு, கேட்டால் கூட்டத்தைக் கூட்டி வருவதே அவர்கள்தான் என்றார்கள்.

பாபு: அது உண்மைதானே. அதனால்தான் பெரிய பிராண்டுக்காரர்கள், மூலைக்கடை போனால் வாடகையைப் பாதியாக்குவோம், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிவிடுகிறார்கள். ஒரு பெரிய கடை மூடினால் மற்றவை வரிசையாக மூடுவது அப்படித்தான். ஆன்லைனை மட்டும் திட்டிப் பயனில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா?

செல்வம்: எங்கே கையெழுத்து என்று மட்டும்தான் பார்த்தேன்.

பாபு: சரி விடுங்கள். மாலுக்குள் வந்தவன் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து சுற்ற வேண்டும், அதுதான் வியாபாரம் என்பார்கள். அந்த மறதிக்குக் குரூயன் பேரையே வைத்திருக்கிறார்கள், பாவம்.

செல்வம்: இங்கே கடைக்காரனுக்கே எதற்கு வந்தோம் என்று மறந்துவிட்டது. அது கிடக்கட்டும், ஏதோ புதுப்பிக்கப் போகிறார்களாமே?

பாபு: பிளானைப் பார்த்தேன். கூரையைப் பிரித்து நடுவில் தெரு விடுகிறார்கள், இரண்டு பக்கமும் கீழே கடை, மேலே வீடு, ஒரு கிளினிக், ஒரு பூங்கா.

செல்வம்: இது அந்த வியன்னாக்காரர் கேட்டதுதானே!

பாபு: அதேதான். சவுத்டேல் பார்க்கிங்கில்கூட இப்போது அடுக்குமாடி வீடுகள் வந்துவிட்டன. ஆஸ்டினில் ஒரு பழைய மால் காலேஜ் ஆகிவிட்டது. ஒஹாயோவில் ராண்டல் பார்க் என்று 1976-இல் திறந்தது, உலகத்திலேயே பெரியது என்று பீற்றிக்கொண்டது, அதை இடித்த இடத்தில் 2018-இல் அமேசான் கிடங்கு.

செல்வம்: காரியம் பண்ணின இடத்திலேயே குடிவந்துவிட்டானா! சரி, பிளானில் என் கடை எங்கே வருகிறது?

பாபு: தெருவில்.

செல்வம்: தெருவைப் பார்த்தா?

பாபு: தெருவின் நடுவில். சைக்கிள் போகிற பாதை. புதுப்பிப்பு என்றால் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யச் சொல்லலாம் என்று பொதுவாக ஒப்பந்தத்தில் இருக்கும், அந்தக் கையெழுத்துக்குக் கொஞ்சம் மேலே பாருங்கள்.

செல்வம்: அப்போ உன் வேலையும் போச்சா?

பாபு: எனக்கு என்ன? இடித்துக் கட்டி முடிக்க வருடக்கணக்கில் ஆகும், கம்பியும் சிமெண்டும் வெட்டவெளியில் கிடக்கும், ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் ஆள் தேடுகிறார்கள்.

செல்வம்: என் சைஸுக்கு யூனிபார்ம் கிடைக்குமா?